'மாட்' என்றால் பயன்முறையும் இல்லை, செருகுநிரலும் இல்லை

கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் 'பயன்முறை மேலாளர்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. விளையாட்டில் பிறர் செய்யும் மாற்றங்களைக் கையாளும் நிரலான 'மாட் மேனேஜர்' என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். அண்மையில் ஸ்கைரிம் ஆடுபவர்களுக்கான ஒரு வழிகாட்டி முழுக்க இந்தத் தொடரோடு ஓடுவதைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பயன்முறை என்பது 'மோட்' என்ற சொல்லுக்கு உரியது. கைபேசியில் விமானப் பயன்முறை என்று நாள்தோறும் பார்க்கிறோமே, அது. விளையாட்டில் வரும் 'மாட்' வேறு சொல், வேறு பொருள்.

வேர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அளவு, முறை என்று பொருள்படும் 'மோடுஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து நேரே வந்தது மோட். அளவுக்கு உட்படுத்துதல் என்று தொடங்கி, மாற்றியமைத்தல் என்ற பொருளுக்கு நகர்ந்தது 'மாடிஃபை'. அதன் பெயர்ச்சொல்லான மாடிஃபிகேஷனின் குறுக்கம் மாட். ஒரு விளையாட்டை வெளியிட்டவர்கள் அல்லாமல் பிறர், பெரும்பாலும் ஆடுபவர்களே, அதில் செய்யும் மாற்றத்துக்கு இந்தப் பெயர். 1993-இல் வந்த டூம் என்ற விளையாட்டு, படங்களையும் வரைபடங்களையும் தனிக் கோப்பில் வைத்திருந்ததால் இந்த வேலை எளிதாகிப் பரவியது. 1999-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் வந்ததும் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் ஒரு மாட் ஆகத்தான். மறு ஆண்டே, ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதைத் தன் வெளியீடாக்கியது.

பயன்முறை என்பது கவனக்குறைவு. யாராவது எடுத்துச் சொன்னால் போய்விடும். எனக்குப் பெரிய மனக்குறை 'செருகுநிரல்' மேல்தான், ஏனென்றால் மாட் என்பதற்கு அதை எழுதுகிறவர்கள் தமிழும் கணினியும் தெரிந்தவர்கள். செருகுநிரல் நல்ல சொல். உலாவியில், வேர்ட்பிரஸில் அது ஊன்றிவிட்டது. ஒரு நிரலுக்குள் செருகிச் சேர்க்கும் துணை நிரலான 'பிளகின்' என்பதற்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. அதனால்தான் அதை மாட் என்பதற்கும் இழுத்து வருவதை ஏற்க முடியவில்லை.

ஸ்கைரிமையே எடுத்துக்கொள்வோம். அந்த விளையாட்டில் பிளகின் என்று தனியாக ஒன்று உண்டு. ஈ.எஸ்.எம்., ஈ.எஸ்.பி., ஈ.எஸ்.எல். என்று முடியும் கோப்புகள் அவை. ஒரு மாட்டுக்குள் அப்படி ஒரு கோப்பு இருக்கலாம், பல இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். பாறைகளின் தோற்றத்தை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் தொகுப்பில் வெறும் படக்கோப்புகளே இருக்கும். இப்போது "இந்த மாட்டில் பிளகின் இல்லை" என்ற எளிய வாக்கியத்தை இவர்கள் வழியில் எழுதிப் பாருங்கள். "இந்தச் செருகுநிரலில் செருகுநிரல் இல்லை" என்று வரும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கைச் செருகுநிரல் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது. அது எதிலும் செருகப்பட்டதில்லை. ஒரு விளையாட்டை வேறொரு விளையாட்டாகவே ஆக்கியது.

ஒரு மாட் மேனேஜரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்தக் குழப்பம் ஆளைக் கவிழ்த்துவிடும். வோர்டெக்ஸிலிருந்து மாட் ஆர்கனைசர் 2-க்கு மாறுகிறோம் என்று வையுங்கள். வோர்டெக்ஸ் தன் கோப்புறையில் வைத்திருக்கும் கோப்புகளுக்கு, விளையாட்டின் டேட்டா கோப்புறையில் இணைப்புகளை உண்டாக்குகிறது. மாட் ஆர்கனைசர் டேட்டாவைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. விளையாட்டை அதன் வழியாகத் தொடங்கும்போது, எல்லாக் கோப்புகளும் டேட்டாவில் இருப்பதுபோல் காட்டுகிறது. அதன் திரையில் இடப்பக்கப் பட்டியல் மாட்களுக்கு: ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் மோதினால் எது வெல்லும் என்பதை அது தீர்மானிக்கும். வலப்பக்கப் பட்டியல் பிளகின்களுக்கு: எது முன்னே ஏற்றப்படும், எது பின்னே என்பதை அது தீர்மானிக்கும். ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பில் முழு அளவு பிளகின்கள் 254-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இவற்றுக்குத்தான், மாட்களுக்கு இல்லை. இரண்டு பட்டியலுக்கும் 'செருகுநிரல் வரிசை' என்று ஒரே பெயர் வைத்தால், பாறையின் தோற்றம் மாறவில்லையே என்று ஒருவர் வலப்பக்கத்தை நாள் முழுக்க மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பார். பாறை அப்படியேதான் இருக்கும்.

நான் சொன்ன வழிகாட்டியில் இன்னும் இரண்டு இடங்கள் நெஞ்சைச் சுட்டன. வோர்டெக்ஸில் 'டிப்ளாய்' என்று ஒரு பொத்தான், 'சார்ட்' என்று ஒரு பொத்தான். முதலாவது இணைப்புகளை டேட்டாவில் கொண்டுபோய் வைக்கும். இரண்டாவது பிளகின்களை ஒழுங்கான வரிசையில் அடுக்கும். வழிகாட்டி இரண்டையுமே 'வரிசைப்படுத்து' என்கிறது. டிப்ளாய் என்பதை வரிசைப்படுத்தல் என்று எழுதும் பழக்கம் எங்கிருந்து கிளம்பியதோ, இன்று எந்திர மொழிபெயர்ப்பு, மனித மொழிபெயர்ப்பு என்ற வேறுபாடில்லாமல் பரவிக் கிடக்கிறது. படையை 'இறக்கினார்கள்' என்று செய்தித்தாளில் எழுதுகிறோம், அதே வினை இங்கும் போதும். அப்புறம் 'பர்ஜ்'. வேறு மேனேஜருக்கு மாறுமுன் வோர்டெக்ஸில் செய்தே ஆகவேண்டிய வேலை இது. டேட்டாவில் வைத்த இணைப்புகளை மட்டும் எடுத்துவிடும். மாட்களின் மூலக் கோப்புகள் வோர்டெக்ஸின் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். அதை "எல்லாவற்றையும் அழிக்கவும்" என்று எழுதினால் யார் அழுத்துவார்? பயந்து விட்டுவிடுவார்கள். பழைய கோப்புகள் டேட்டாவிலேயே தங்கிப் புதிய ஏற்பாட்டோடு மோதும். 'விலக்கிக்கொள்' என்று எழுதியிருந்தால் பயமும் இல்லை, பொருளும் தப்பாது.

சரி, மாட் என்பதற்கு என்ன சொல்? 'மாற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். "இந்த மாற்றத்தை மாற்றினேன்" என்று போய் நிற்கும். ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்றால், பலரும் இதையும் 'மோட்' என்றே எழுதுகிறார்கள், பழைய குழப்பம் திரும்புகிறது. நான் 'திரிபு' என்கிறேன். சொற்கள் புணரும்போது நேரும் திரிபு மூவகை என்கிறது தொல்காப்பியம்: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதில் ஓர் எழுத்து வேறாகிறது. யானைக்கோடு என்பதில் ஓர் எழுத்து கூடுகிறது. மரவேர் என்பதில் ஒன்று குறைகிறது. மாட் செய்வதும் இந்த மூன்றையும்தான். இருக்கும் பாறையை வேறாக்கும், இல்லாத ஊரைச் சேர்க்கும், வேண்டாத மூடுபனியை நீக்கும். மூலம் கீழே அப்படியே இருக்க, மேலே நிகழும் மாறுதல் என்ற பொருளும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'வரலாற்றுத் திரிபு' என்பதுபோல் கெட்ட வாடை அடிக்கிறதே என்று கேட்பார்கள். 2021-இல் டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபு என்று செய்திகளில் படித்தோம். நோய் கெட்டது, திரிபு என்ற சொல் அங்கே வேறுபட்ட வடிவம் என்பதை மட்டுமே சொன்னது. புழங்கினால் இங்கும் அப்படியே நிற்கும்.

மேனேஜருக்கு 'மேலாளர்' வேண்டாம். அது ஆளைக் குறிக்கும் சொல். உலாவி, செயலி, திருத்தி என்று நிரல்களுக்கு நல்ல வழக்கம் இருக்கிறது. அந்த வழியில் 'அடுக்கி' எனலாம். திரிபுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எது மேலே என்று தீர்மானிப்பதுதானே அதன் வேலை. திரிபடுக்கி. ஆனால் வோர்டெக்ஸ் என்பது ஒரு நிரலின் பெயர். அதை அப்படியே எழுதுங்கள். 'சுழல்' என்று மொழிபெயர்த்துவிட்டால், படிப்பவர் அந்த நிரலை எங்கே போய்த் தேடுவார்?