பழைய காரின் இண்டிகேட்டருக்கு வெள்ளைக் கண்ணாடியா, ஆரஞ்சுக் கண்ணாடியா?

காலை வெயிலில் பாம்பன் சாலைப் பாலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் நோக்கி வருகிறவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். தாழ்ந்த அந்த வெயில் எதிரே வரும் வண்டிகளின் முகப்பில் நேராக விழும். வருவது வெள்ளைக் கண்ணாடி இண்டிகேட்டர் பூட்டிய பழைய கார் என்றால், விளக்கு எரிகிறதா, வெயிலில் மின்னுகிறதா என்று சட்டெனச் சொல்ல முடியாது. பல்புக்குப் பின்னாலுள்ள பளபளப்பான கிண்ணம், வெயிலை வாங்கி வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் காரணம்.

அமெரிக்கக் கார்களின் முன்பக்க இண்டிகேட்டர்கள் நெடுங்காலம் வெள்ளையாகவே எரிந்தன. 1963ஆம் ஆண்டு மாடல்களில்தான் அங்கே ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு மஞ்சள் நிறம் பொது வழக்கமானது. ஹெட்லைட்டின் வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை சிமிட்டினால் கண் அதைத் தனியே பிரித்தறியத் திணறுகிறது என்பதே இந்த மாற்றத்தின் நியாயம். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்கின்றன.

ஆரஞ்சுக் கண்ணாடி நிறத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. பல்பின் ஒளியிலுள்ள நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும் விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் வெளியே விடுகிறது. டங்ஸ்டன் இழை பல்பில் நீலம் முதலிலேயே குறைவு என்பதால் இந்த வடிகட்டலில் ஏற்படும் இழப்பு அதிகமில்லை. வெயிலின் கதை வேறு. அது கண்ணாடியை உள்ளே போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் கடக்க வேண்டியிருப்பதால், இரண்டு முறை வடிகட்டப்பட்டு, வெள்ளைக் கண்ணாடியில் தெரிவதைவிட மங்கலாகவே வெளிவருகிறது. ஆனால் அந்த மங்கலான ஒளியும் ஆரஞ்சாகவே இருக்கும் என்பது இதன் குறை.

வெள்ளைக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு பல்பு போடுவது இன்னொரு வழி. அணைந்திருக்கும்போது வெள்ளையாகவும் எரியும்போது ஆரஞ்சாகவும் தெரியும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடுமையான வெயிலில் திரும்பி வரும் வெள்ளை ஒளி அந்த ஆரஞ்சை வெளுக்கச் செய்துவிடுகிறது. தரமற்ற பல்பில் பூசிய நிறம் சூட்டில் உரிந்தால் வெள்ளை விளக்கே மிஞ்சும். புதிய வகை ஆரஞ்சு பல்புகளின் அடியில் ஹோல்டரில் மாட்டும் இரு முளைகள் நேரெதிரே இல்லாமல் 150 பாகைக் கோணத்தில் இருப்பதால், பழைய ஹோல்டரில் அவை உட்காரவும் மாட்டா. நம் கடற்கரை வெயிலுக்கு ஆரஞ்சுக் கண்ணாடியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கடல் மூடுபனியை ஆரஞ்சு ஒளி துளைத்துச் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன.

எந்தக் கண்ணாடியானாலும், கீழக்கரை முதல் தனுஷ்கோடி வரை உப்புக்காற்று முதலில் கெடுப்பது ஹோல்டரின் எர்த்தைத்தான், அதாவது மின்னோட்டம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைத்தான். 12 வோல்ட், 21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. எர்த் திருகின் அடியில் பிடித்த துரு முக்கால் ஓம் அளவு தடை கொடுத்தாலே பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒளியோ ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும், ஏனெனில் இழையின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகச் சரிகிறது. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும், சூடேறி இயங்கும் பழைய ஃபிளாஷரும் மின்னோட்டம் குறைந்தால் மந்தமாகச் சிமிட்டும், சில வேளை நின்றேவிடும். ஆகவே கண்ணாடியை மாற்றுவதற்கு முன் ஹோல்டரைக் கழற்றி, பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பையும் திருகடித் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, கண்ணாடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும்.