படத்தில் புரண்ட சங்கு

நாகர்கோவிலில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கினால் கண்ணில் படும் அரசுப் பலகையிலெல்லாம் சங்கு இருக்கும். கேரள முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சங்கு, பத்மநாபனின் கைச்சங்கு. 1888-ல் திருவிதாங்கூர் வெளியிட்ட முதல் அஞ்சல்தலையிலும் அதுதான். எனக்குச் சங்கின் மேல் தனிப் பிரியம். ஒரு பழைய புகைப்படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கின் சுருள்முனை கீழேயும் வாய் நம் பக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். திறப்பு வலப்பக்கம் வந்தால் வலம்புரி. (உயிரியலார் சுருளை மேலே வைத்துப் பார்ப்பதால் இதையே இடஞ்சுழி என்பார்கள்.) சங்கு குளிப்பவர்களுக்கு அது மிக அபூர்வமாகவே கிடைக்கும். சாய்த்தாலும் தலைகீழாக்கினாலும் வலம்புரி வலம்புரிதான். கண்ணாடிக்கு முன் காட்டினால் மட்டுமே இடம்புரியாகத் தெரியும்.

1839-ல் பிரான்ஸின் டாகெர் கண்டுபிடித்த புகைப்பட முறை வெளியானபோது படம் விழுந்தது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில். கேமராவின் பின்புறம் உள்ள, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் திரையில் பார்த்தால் காட்சி தலைகீழாக இருக்கும். அது வெறும் சுழற்சி என்பதால் சங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செப்புத் தகட்டின் வழியே ஒளி போகாது. லென்ஸை நோக்கியிருந்த முகத்தைத்தான் நாம் பார்க்க முடியும். கடையின் கண்ணாடிக் கதவில் எழுதிய பெயரை உள்ளே நின்று படிப்பதுபோல இடம் வலமாகிவிடும். இதைச் சரிசெய்ய லென்ஸுக்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடியோ பட்டகமோ பொருத்தியவர்கள் உண்டு.

1851-ல் ஆர்ச்சர் கொண்டுவந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகடு நெகட்டிவ் ஆனது. அதன் மருந்து பூசிய, படம் பதிந்த பக்கத்தைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் அச்செடுத்தால், மாறிய இடவலம் மறுபடி மாறி நேராகும். தகட்டைப் புரட்டி வைத்துவிட்டால் சங்கும் புரண்டுவிடும். அப்போது மருந்துக்கும் தாளுக்கும் இடையே கண்ணாடியின் கனம் வந்துவிடுவதால் கோடுகள் கொஞ்சம் மங்கும். பழைய அச்சுகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த மங்கலைத்தான்.

1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அத்தகைய படத்தில் எழுத்தே காவல். எழுத்தில்லாத சிற்பத்தில் நமக்குப் புராணம் துணை. விஷ்ணுவின் மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு. பூணூல் இடத்தோளில். நடராஜர் தூக்குவது இடக்கால்.

ஒரே இடத்தில் எச்சரிக்கை வேண்டும். மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறி ஆடியவர், தூக்கியிருப்பது வலக்கால். அந்தப் படத்தைத் தவறென்று நினைத்து யாராவது புரட்டி அச்சிட்டால் மதுரை நடராஜர் தில்லை நடராஜராகிவிடுவார்.