விமானம் நின்றுபோனால் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

அல்சூரில் டிராவல் ஏஜென்சி வைத்திருக்கிறேன். “புது கம்பெனி, ரேட் கம்மியா இருக்கு, மூணு மாசம் முன்னாடியே போட்டுடலாமாண்ணா?” என்று யாராவது கேட்டால், ஏர் பெகாசஸ் கதையைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.

நம் பெங்களூரு நிறுவனம் அது. விமான நிலையங்களில் சாமான் ஏற்றி இறக்குவது போன்ற தரைப்பணி செய்துவந்த டெக்கார் ஏவியேஷன் தொடங்கியது. 2015 ஏப்ரல் 12 அன்று முதல் விமானம் ஹூப்ளிக்குப் பறந்தது. ரயிலில் ஒரு ராத்திரி ஆகும் தூரம், விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஜூனில் கடப்பா விமான நிலையம் திறந்தபோது அங்கே போய் இறங்கியதும் இவர்கள் விமானம்தான். பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு இவர்கள் போனார்கள். அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு.

ஓட்டியது ஏடிஆர் 72 ரகம், இறக்கைக்கு ஒரு காற்றாடி வைத்த சிறிய விமானம். அதைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. அப்போது 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. எரிபொருளுக்கு விற்பனை வரியும் குறைவு. ஆனால் அந்தச் சலுகையால் சமாளிக்க முடியாத செலவு ஒன்று உண்டு: குத்தகை. சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் சொந்த விமானம் வாங்குவதில்லை. சீட் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மாத வாடகையை டாலரில் கட்டியாக வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விமானங்கள் இருக்கும்போது ஒன்று பழுதாகி நின்றால் அட்டவணையே ஆட்டம் காணும். 2016 ஜூலை இறுதியில், குத்தகை பாக்கிப் பிரச்சினையில் ஏர் பெகாசஸ் நின்றுபோனது. மூன்று மாதத்துக்குள், அக்டோபரில், சிறு ஊர் விமானங்களுக்கு மானியம் தரும் உடான் திட்டத்தை அரசு வெளியிட்டது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

குத்தகை விமானம் என்பது பயணிக்கு ஏன் முக்கியம்? வாடகை வரவில்லை என்றால் உரிமையாளர், விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் பதிவை ரத்து செய்யச் சொல்லி விமானத்தை எடுத்துக்கொண்டு போகலாம். அப்புறம் விற்றுக் கடன் அடைக்க நிறுவனத்திடம் பெரிதாக எதுவும் இருக்காது. வங்கிகள் வரிசையில் முன்னால் நிற்கும், டிக்கெட் வாங்கியவர் பின்னால் நிற்பார். 2019 ஏப்ரலில் நின்ற ஜெட் ஏர்வேஸைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்தான். அவ்வளவு காலம் இழுக்கும்.

பெயர் வேண்டாம், வேறொரு சின்ன நிறுவனத்தில் ஸ்ரீராமபுரத்துப் பெரியவர் ஒருவருக்குக் கல்யாணக் கூட்டமாக 11 டிக்கெட் தேவைப்பட்டது, அதில் 7 நான் போட்டுக் கொடுத்தேன். பயணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் சேவை நின்றது. “தம்பி, பணம் வந்துருமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறது விதி. ஆனால் அங்கே போனை எடுக்க ஆள் இல்லை. நான் முன்பணமாகக் கட்டி வைத்திருந்த டெபாசிட்டும் அதோடு போனது.

மீதி 4 டிக்கெட்டை அவர் மருமகன் தன் கிரெடிட் கார்டில் நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக வாங்கியிருந்தார். வங்கியில் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பக் கேட்கும் மனு, எழுதிக் கொடுக்கச் சொன்னேன். டிக்கெட், ரத்தான குறுஞ்செய்தி, கம்பெனிக்கு அனுப்பிய மெயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதித்தால் வங்கி ஏற்காது. ரொக்கம் கொடுத்தவருக்கு அந்த வழியே இல்லை. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால், பொது அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் கோரிக்கைப் படிவம் தர வேண்டும். நுகர்வோர் உதவிக்கு 1915 எண் இருக்கிறது.

அந்த நாலு டிக்கெட்டுக்குப் பணம் வந்தது. மற்ற ஏழுக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு எல்லோரும் கலாசிபாளையத்தில் பஸ் ஏறிப் போனார்கள்.