எந்த இன்ஜின் என்று பார்த்துவிட்டுக் கை வை தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், பைலட் ஆக வேண்டும் என்று ஆசை, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு பிஎம்டிஜி 737 என்ற போயிங் விமான ஆட்-ஆன் வாங்கிப் போட்டு இரண்டு வருடமாக ஓட்டுகிறான். "ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்க சார்" என்று அவன் அப்பா கூப்பிட்டார். திருச்சி விமான நிலையம், ஓடுதளம் 27. வி1 வேகத்தை, அதாவது இனி ஓடுதளத்தில் நிறுத்த முடியாது, பறந்தே ஆக வேண்டும் என்ற வேகத்தை, தாண்டியதும் இடது இன்ஜின் நிற்கும்படி அவனே மெனுவில் வைத்திருந்தான். மூக்கு இடப்பக்கம் இழுத்தது, ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் திருகிப் பிடித்தான், அதுவரை சரி. நாலே நொடியில் மவுஸ் போய் வலது இன்ஜினுக்கு எரிபொருளை அடைக்கும் ஸ்டார்ட் லீவரைக் கீழே இறக்கிவிட்டது. எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரிந்தும்! திரையில் வயல்வெளி பெரிதாகிக்கொண்டே வந்தது, அவன் ரீசெட்டை அழுத்திவிட்டு, "ஸ்பீடா பண்ணினதுல மாறிடுச்சு சார், இன்னொரு தடவை" என்றான்.

விமான நிறுவன சிமுலேட்டரில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று கும்பகோணம் வந்த பிறகு, இதே காட்சியை எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! எல்லாரும் சொல்வது அதே வார்த்தைதான், ஸ்பீடு. இன்ஜின் நின்றால் எவ்வளவு சீக்கிரம் அதை அணைக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரன் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்படி இல்லை. நின்றுபோன இன்ஜின் நின்றுபோய்விட்டது, அதை இன்னும் ஒரு நிமிடம் கழித்து அணைத்தால் அது மேலும் சாகப்போவதில்லை. இரண்டு இன்ஜின் உள்ள பயணி விமானம் எதுவானாலும், வி1 தாண்டி ஒன்று போனால் மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து ஏறியே தீர வேண்டும் என்ற விதிப்படிதான் சான்று வாங்குகிறது. நெருப்பு மணி அடித்தாலும் அதே கதைதான். மணியை நிறுத்து, விமானத்தை நேராகப் பிடி, சக்கரத்தை மடக்கு, குறைந்தது 400 அடி ஏறும் வரை வேறு எதிலும் கை வைக்காதே என்றுதான் நிஜப் பயிற்சியிலும் சொல்கிறோம். அப்புறம்கூட ஒருவர் லீவரைத் தொட்டுக் காட்டி, இன்னொருவர் பார்த்து "ஆமாம்" என்ற பிறகுதான் அசைக்க வேண்டும். ஒரு தொழிலே இவ்வளவு நிதானத்தை எழுதி வைத்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

1989 ஜனவரி 8, இங்கிலாந்தில் கெக்வொர்த். 737-400 விமானம், 126 பேர். உடைந்தது இடது இன்ஜினின் விசிறித் தகடு. அனுபவசாலிகளான இரண்டு பைலட்டுகள் வலது இன்ஜினைக் குறைத்தார்கள். அதே சமயத்தில் இன்ஜின் சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலைத் துண்டித்ததால் இடது இன்ஜினுக்குப் போகும் எரிபொருளும் குறைந்து அது கொஞ்சம் அடங்கியது, அதிர்வும் புகையும் தணிந்தன. வலது இன்ஜினை அணைத்துவிட்டு, சரியானதைத்தான் அணைத்தோம் என்று நம்பிவிட்டார்கள். இறங்கும்போது இடது இன்ஜினிடம் சக்தி கேட்டார்கள், அது முழுதாகப் போய்விட்டது. 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஏடிஆர் விமானம் ஒன்றில் போனது இரண்டாவது இன்ஜின், கேப்டன் இழுத்தது முதலாவதை. 58 பேரில் 43 பேர். இவர்கள் யாரும் மெதுவாகச் செய்ததால் சாகவில்லை.

நம் ஊர் போர் கொட்டகையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோட்டார், இரண்டு ஸ்டார்ட்டர். ஒன்றில் பேஸ் போய் மோட்டார் உறுமுகிறது. ஓடிப்போய் எதையாவது தட்டிவிட்டால் ஓடுகிற மோட்டாரும் நின்று வயலுக்குத் தண்ணீர் போகாது. விவசாயி காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்.

சரி, பையன் ஏன் மாற்றி அணைத்தான்? இடது இன்ஜின் போனால் வலது ரட்டர் பெடலை, அதாவது வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் பெடலை, மிதிக்க வேண்டும். பாடுபடுவது வலப்பக்கம், அதனால் பிரச்சினையும் வலப்பக்கம் என்று மூளை எண்ணிக்கொள்கிறது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க இன்ஜின்தான் போயிருக்கிறது. இதைக் காலால் கற்க வேண்டும், அதனால் ஆட்டோ ரட்டர் வசதியை முதலில் நிறுத்துங்கள். பெடல் வாங்க முடியாவிட்டால் திருகும் ஜாய்ஸ்டிக் போதும், ஆனால் இறக்கையை மட்டும் சாய்த்துச் சமாளிக்காதீர்கள், இறக்கை மேல் உள்ள ஸ்பாய்லர் தகடு எழுந்து மிச்சமிருக்கும் சக்தியையும் தின்றுவிடும். 737-இல் ஏறும்போது ஆட்டோபைலட்டைப் போட்டாலும் ரட்டர் உங்கள் பொறுப்புதான், பலருக்கு இது தெரியவே தெரியாது.

லீவர் இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இன்ஜின் நின்றாலும் லீவர் வைத்த இடத்திலேயே இருக்கும். விசிறி சுற்றும் வேகம் (என்1), வெளியேறும் வாயுவின் வெப்பம் (இஜிடி), எரிபொருள் ஓட்டம் மூன்றையும் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள். எரிபொருளை நீங்களே அணைத்துவிட்டு அதை இன்ஜின் கோளாறு என்று பழகாதீர்கள், அதில் அதிர்ச்சியே இல்லை. எப்போதும் வி1-இலேயே வைக்காதீர்கள், ஏறும்போது வரட்டும், 30,000 அடியில் வரட்டும். தப்பு செய்தால் ரீசெட் வேண்டாம், அந்தத் தப்போடு தரை வரைக்கும் ஓட்டுங்கள்.

அவனை அன்றைக்கே மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை மெனுவை அவன் தங்கச்சியிடம் கொடுத்து, எந்தப் பக்கம் என்று அண்ணனுக்குச் சொல்லாதே பாப்பா என்றேன். ஏறினான், மூக்கு வலப்பக்கம் இழுத்தது, பிடித்தான். மவுஸ் நகர்ந்தது, நடுவிலேயே நின்றது. "வலது என்1 விழுது... வலது இஜிடி விழுது... எரிபொருள் ஓட்டம் இல்லை... வலது இன்ஜின்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். உயரம் 900 அடி. ஆமாம், வலது, என்றேன். அப்புறம்தான் லீவரை இறக்கினான். சுற்றிக்கொண்டு வந்து அதே ஓடுதளத்தில் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவன் அம்மா வைத்த காபி ஆறிப்போயிருந்தது.