நிறுத்திய பிறகு வரும் மூன்றாவது மாதம்

"நிறுத்தி எழுபது நாள் ஆச்சு டாக்டர். இப்ப எதையும் தொடறதில்லை. ஆனா வேலைக்கும் போறதில்லை, சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்." இப்படிச் சொன்ன தந்தையின் குரலில் கவலையைவிடக் கோபமே மிகுந்திருந்தது. பக்கத்தில் தலைகுனிந்திருந்த மகனுக்கு இருபத்தாறு வயது. மூன்றாண்டுகளாக, 'ஐஸ்' என்று தெருவில் விற்கப்படும் மெத்தம்பெட்டமைனைப் பயன்படுத்தியவர். அம்மா ஞாயிறுதோறும் வஞ்சிரம் வறுத்து வைக்கிறார் என்றும், அது வாயில் மண்ணைப் போல இருக்கிறது என்றும் அவர் மெல்லச் சொன்னார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

போதையை விட்ட முதல் வாரத்தில் வரும் துன்பத்தைக் குடும்பங்கள் எப்படியோ தாங்கிக்கொள்கின்றன. நாள் முழுக்கத் தூக்கம், அடங்காத பசி, எரிச்சல் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் அதை நோய் என்று ஏற்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வரும் வெறுமைதான் யாருக்கும் புரிவதில்லை. அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் வீட்டில் பேசத் தொடங்குகிறார்கள். மீண்டும் போதைக்குத் திரும்பியவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் திரும்பினார்கள் என்பது என் அனுபவம்.

அந்த வெறுமைக்கு மூளையில் காரணம் இருக்கிறது. நல்ல சாப்பாடு, நண்பனின் பேச்சு, முடித்த வேலை ஆகியவற்றின்போது நரம்பு முனைகள், இன்பத்தையும் ஊக்கத்தையும் உணர உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு வெளியிடுகின்றன. கடத்திப் புரதங்கள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மெத்தம்பெட்டமைன் அந்தப் புரதங்களின் வழியாகவே உள்ளே நுழைந்து, சேமிப்பில் இருந்த டோபமைனை வெளியேற்றி, உள்ளே இழுக்க வேண்டிய புரதத்தை வெளியே தள்ள வைத்துவிடுகிறது. இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது கடத்திப் புரதங்களும், டோபமைனை ஏற்கும் டி2 ஏற்பிகளும் குறைந்துவிடுவதை மூளைப் படங்களில் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூளைக்கு வஞ்சிர வறுவலின் செய்தி போய்ச் சேர்வதே கடினம்.

இந்த இழப்பு மீளுமா என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் குழுவினர், போதையை விட்ட ஐந்து பேரைத் தொடக்கத்திலும், ஏறத்தாழ 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்த பின்னும் படமெடுத்து, முடிவுகளை 2001-இல் வெளியிட்டனர். கடத்திப் புரதத்தின் அளவு மூளையின் காடேட் பகுதியில் 19 சதவீதமும் புட்டமென் பகுதியில் 16 சதவீதமும் உயர்ந்திருந்தது. ஆனால் நினைவாற்றல், கை கால் இயக்கச் சோதனைகளில் அதற்கு ஈடான முன்னேற்றம் தெரியவில்லை. ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்றாலும், மீட்சி உண்டு, அதற்கு மாதங்கள் பிடிக்கும், எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது என்று நோயாளிகளிடம் சொல்லும் துணிவை எனக்கு அது தருகிறது.

'மூளையைச் சுத்தம் செய்யும்' டிரிப், டோபமைனைக் கூட்டும் மாத்திரை என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அவற்றால் இந்த மீட்சி விரைவுபடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மெத்தம்பெட்டமைன் அடிமைத்தனத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இதுவரை இல்லை. நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்த 2021 ஆய்வில் 13.6 சதவீதத்தினர் பயன் பெற்றனர்; போலி மருந்து பெற்றவர்களில் அது 2.5 சதவீதம். போதை இல்லையென்று சிறுநீர்ச் சோதனை காட்டும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் நடத்தைச் சிகிச்சைக்கே இன்றுவரை வலுவான சான்று இருக்கிறது. வெகுமதியை உணரும் திறன் மழுங்கிய மூளைக்கு உடனுக்குடன் கையில் கிடைக்கும் பரிசு வேலை செய்வதில் வியப்பில்லை. எட்டு வாரம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களிடம் டி2, டி3 ஏற்பிகள் கூடியதை ஒரு சிறு ஆய்வு காட்டியதால், காலை நடையை மருந்துச்சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். எழும் நேரம் மாறாமல் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். தூக்க மாத்திரையைத் தாமாகக் கடையில் வாங்கிப் போடுவது இன்னொரு பழக்கத்துக்குக் கதவைத் திறந்துவிடும்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. சாவைப் பற்றிப் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-லும் கட்டணமின்றிப் பேசலாம்.

அந்தத் தந்தையிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே: மகனிடம் வேலையைப் பற்றி மூன்று மாதம் பேசாமல், தினமும் காலையில் அவருடன் நடந்துவிட்டு வாருங்கள் என்றேன். அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். ஏழாம் மாதம் தனியாக வந்திருந்த அம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார்: "நேத்து ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னான் டாக்டர்." சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்கள் கலங்கிவிட்டன.