துருவக் கடல் சேற்றில் உள்ள ஈயம் யாருடையது?

"அண்டார்டிகாவின் கரையோரச் சேற்றில் ஈயம் இருக்கிறதாமே. அது மனிதர்கள் போட்டதா, பாறையிலிருந்து வந்ததா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. எந்தப் பாறையிலும் கொஞ்சம் ஈயம் உண்டு. பனியாறு பாறையை அரைத்துக் கடலில் தள்ளும்போது அதுவும் சேற்றில் சேரும். ஆகவே அளவை மட்டும் வைத்து யார்மீதும் பழி போட முடியாது. துப்பு ஐசோடோப்புகளில், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களில் இருக்கிறது.

ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள்: 204, 206, 207, 208. இவற்றில் 206 யுரேனியம்-238 சிதைவதால் கூடுகிறது, 207 யுரேனியம்-235 சிதைவதால் கூடுகிறது. 235-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், சுமார் 70 கோடி ஆண்டுகள். 238-க்கோ சுமார் 447 கோடி. அதனால் பூமியின் இளமையில் 207 மளமளவென்று சேர்ந்தது. 235 தீரத் தீர, 206 முந்த ஆரம்பித்தது. இதற்கிடையில் ஏதோ ஒரு காலத்தில் ஈயம் யுரேனியத்தைப் பிரிந்து தாதுவாகப் படிந்துவிட்டால், அன்றைய விகிதத்தோடு அதன் கடிகாரம் நின்றுவிடும். அப்புறம் அதை உருக்கிப் பேட்டரித் தகடாக வார்த்தாலும் சரி, பெட்ரோலில் கலந்து எரித்தாலும் சரி, விகிதம் மாறாது. வேதியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் குறைவு.

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாது ஏறத்தாழ 170 கோடி ஆண்டுப் பழையது. அதில் 206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் 1.04 அளவில் நிற்கிறது. பூமியின் இன்றைய மேலோட்டுப் பாறைகளில் சராசரியாக அது 1.2-ஐ ஒட்டி இருக்கும். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானிக்கு இது பெரிய வித்தியாசம்.

அண்டார்டிகாவில் உள்ள ஆஸ்திரேலியாவின் கேசி ஆய்வு நிலையத்தில் தாலா பள்ளத்தாக்கு என்ற இடத்தில் குப்பை கொட்டிவந்தார்கள். கோடைதோறும் உருகிய பனிநீர் அந்தக் குப்பை வழியாகப் பிரவுன் விரிகுடாவுக்கு இறங்கியது. அங்கே மாசு மிகுந்த சேற்றின் ஈயம் சுற்றுப் பாறைகளோடு ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியத் தாதுவின் பக்கம் சாய்ந்தது. 2003-04 கோடையில் அந்தக் குப்பையை அள்ளிக் கப்பலேற்றினார்கள். புரோக்கன் ஹில் ஈயம் காற்றிலேறி 1889 வாக்கிலேயே அண்டார்டிகப் பனியில் படிந்திருப்பதும் இதே முறையில்தான் தெரியவந்தது. அமுண்ட்சென் முதல் ஆளாகத் தென்துருவத்தைத் தொட்டதே 1911-இல்தான்!

இன்னொரு நச்சுத் தனிமமான ஆர்செனிக்கிடம் இந்த வித்தை பலிக்காது. இயற்கையில் அதற்கு ஒரே ஐசோடோப்புதான். பெரும்பாலும் பாறையிலிருந்தே வரும் அலுமினியத்தோடு ஒப்பிட்டு ஓரளவு ஊகிக்கலாம். அடியில் உள்ள பழைய சேற்றோடும் ஒப்பிடலாம், ஆனால் ஆழம் குறைந்த இடங்களில் மிதக்கும் பனிமலைகள் கடலடியை உழுது அடுக்குகளைக் கலைத்துவிடுகின்றன. எனவே நிலையம் கட்டும் முன்பே சேற்று மாதிரி எடுத்து வைக்க வேண்டும், கட்டடத்துக்கான நிதியிலேயே அதற்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.