போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால்: 2025 விதிகள் என்ன சொல்கின்றன?

2013-ல் சென்னை தண்டையார்பேட்டை டி.எச். ரோடு பக்கம் வீட்டுக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. தரைக்கடியில் போன எரிபொருள் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இப்படிக் கெட்டுப்போன நிலத்தை யார் கண்டறிவது, யார் செலவில் சுத்தம் செய்வது என்று வரிசையாகச் சொல்லும் தனி விதி அன்றைக்கு நாட்டில் இல்லை. 2025 ஜூலையில்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைக் கொண்டுவந்தது. மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகள் என்பது அதன் பெயர்.

மூடிப்போன மில், டீசல் தொட்டி புதைத்திருந்த பழைய பணிமனை, கைவிட்ட பெட்ரோல் பங்க் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இதில் முதல் அடி உங்களுடையதாக இருக்கலாம். பொதுமக்கள் புகார் கொடுத்தாலே உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ அந்த இடத்தைச் சந்தேகத்துக்குரிய தளமாகப் பட்டியலில் சேர்க்க முடியும். அந்தப் பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசு இருப்பதாகத் தெரிந்தால் விரிவான ஆய்வுக்கு இன்னும் மூன்று மாதம். அளவு மீறியிருப்பது உறுதியானால் அந்த இடத்தை ஊரறிய அறிவித்து, ஆட்கள் நுழையவும் கட்டுப்பாடு போட வேண்டும். யார் காரணம் என்று கண்டுபிடிக்க வாரியத்துக்கு 90 நாள். சுத்தம் செய்யும் செலவு காரணமானவர் தலையில். அவர் யாரென்று தெரியவில்லை, அல்லது அவரால் கட்ட முடியவில்லை என்றால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் கொட்டும் எண்ணெய், குப்பைக் கிடங்கு ஆகியவை பொதுவாக இந்த விதிக்குள் வராது.

ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. ஆய்வுக்கு நாள் குறித்தவர்கள், சுத்தம் செய்து முடிக்க நாள் குறிக்கவில்லை. அதனால்தான் கண்காணிப்பை நாம் விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.

எரிபொருள் மாசு கண்ணாமூச்சி ஆடும். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு. நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மே மாதம் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி வழியிலுள்ள மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மட்டம் ஏறினால் மறுபடியும் தண்ணீரில் கலக்கும். ஒரே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோடையிலும் மழைக்குப் பிறகும், ஒரே கிணற்றில், ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். தளத்துக்கு மேட்டுப்பக்கம் ஒரு கண்காணிப்புக் கிணறாவது வேண்டும். நிலத்தடி நீர் ஓடும் திசையில் பல வேண்டும். மேட்டுக் கிணறு சுத்தமாக இருந்து கீழ்க்கிணறுகள் கெட்டிருந்தால், மாசு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும்.

மாதிரி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனம் காற்றில் சட்டென்று ஆவியாகிவிடும். அதனால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி சரியில்லை. பிறகு ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால், அந்த முடிவை நம்ப முடியாது.

பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் குடிநீர்த் தரத்தில் கனிம எண்ணெய்க்கு, அதாவது பெட்ரோலிய எண்ணெய்க்கு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஆகவே புகாரில் பொதுவாக "தண்ணீர்ப் பரிசோதனை" என்று எழுதாமல், பென்சீனையும் எண்ணெயையும் சோதிக்கச் சொல்லிப் பெயர் குறிப்பிட்டே எழுதுங்கள். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்க்கிற சோதனையில் இவை சிக்காது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாளித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் குச்சியால் கீறுங்கள். சில்லுச்சில்லாக உடைந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியா. கீறிய இடம் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெயாக இருக்கலாம். பெட்ரோல் வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைக்கவும் கூடாது. ஆவி வீட்டுக்குள்தான் நிறையும்.

அப்புறம், தேதி, போர்வெல்லின் ஆழம், எப்போது வாடை வந்தது, அன்றைக்கு மழை இருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை வைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். பரிசோதனை முடிவைக் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது கிணறு வாரியாக, தேதி வாரியாக அளவுகளைக் கேளுங்கள்.